துடைக்காத மெழுகு

எங்கள் காரைப் பற்றி நெடுங்காட்டில் யார் என்ன பேசினாலும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேசட்டும், வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். என் மாமனார் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாலையில் போகிற யாராவது சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "யாரு வண்டி கருப்பையண்ணே?" என்று கேட்பார்கள். என் மாமனார் தன் சொந்த மகனும் மருமகளும் சம்பளத்தைப் பல்லைக் கடித்துச் சேர்த்து வாங்கிய காரின் மட்கார்டைத் தடவிக்கொண்டே, "தெரிஞ்சவங்க வண்டி" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "பத்திரமா பாத்துக்கச் சொல்லியிருக்காங்க" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உச்சந்தலைக்கு ஏறும்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். என் பெயர் அல்லி. காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் முத்தையன் காரைக்காலில் பள்ளிக்கூட வாத்தியார், கணக்கு எடுப்பவர். இரண்டு பேரும் ஒரே ஊருக்கு வேலைக்குப் போகிறோம், என்னுடைய டூட்டி நேரத்துக்குப் பஸ் கிடையாது, அதனால் ஒரு கார் வாங்கினோம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீடு இருந்தது காலனியில். காலனிக்குள் அதுவரை கார் வந்ததென்றால் ஓட்டுக் கேட்க வந்திருக்கும், இல்லாவிட்டால் போலீஸ் வந்திருக்கும். வந்த கார் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றது அதுதான் முதல் தடவை.

திருமலைராயன்பட்டினத்து அப்துல் லத்தீப் பாயிடம் வாங்கிய ஃபியட் அது. இளநீல நிறம். பாய் சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார் என்பதால் விற்றார். விற்க மனமே இல்லை அவருக்கு. சாவியைக் கொடுத்த பிறகும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்க ஊரு தண்ணி உப்பு, தங்கச்சி. கடல் காத்து வேற. கழுவிக் காயறதுக்குள்ள வெள்ளை பூத்துடும். நெடுங்காட்டுத் தண்ணிக்கு நீங்க குடுத்து வச்சவங்க" என்றார். உள்ளே போய் ஒரு தட்டையான தகர டப்பாவை எடுத்து வந்தார். மகன் அனுப்பிய மெழுகாம். திறந்து காட்டினார். மண்ணெண்ணெயும் வாழைப்பழமும் கலந்தாற்போல ஒரு வாசனை அடித்தது. "வண்டிய நிழல்ல நிறுத்தி, கழுவி, ஈரம் போகத் தொடச்சு, அப்பறந்தான் இத எடுக்கணும். கையகலத்துக்கு மெல்லிசா போடுங்க. லேசா வெளுத்து வரும். ஒடனே பருத்தித் துணியால தேச்சு எடுத்துடுங்க. அப்பறம் அடுத்த கையகலம். மறந்தும் வெயில்ல வச்சுப் போட்டுடாதீங்க. போட்டுட்டுத் தொடைக்காம உட்டீங்க, சுண்ணாம்பு அடிச்ச செவருதான். அப்பறம் தேய்க்கிற கை கழண்டுடும்."

நான் இதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டேன். கேட்டதை மறக்காமல் இருப்பதற்குத்தானே எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

காரைக் கழுவுவதற்கு எங்களுக்கு இடம் சாலை ஓரத்துப் பூவரச மரத்தடிதான். வீட்டு வாசலும் அதுதான், அடி பம்பும் அங்கேதான். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் வாளியோடு வெளியே வருவதற்குள் மாமனார் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். நாற்பது வருஷம் பண்ணை மாடுகளை வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டிய மனிதர். அவருக்குத் தெரிந்தபடி கழுவினார். வைக்கோலைச் சுருட்டிப் பந்தாக்கி, ஒரு கையால் தண்ணீரை வாரி இறைத்து, மறு கையால் அடிவயிறு முதுகு என்று அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கதவில் இரண்டு தட்டு, "திரும்பு" என்று சொல்வதுபோல. என் வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பானட் முழுக்க மெல்லிய கோடு கோடாக வைக்கோல் கீறல்.

"என்னாப்பா இது?"

"அழுக்குப் போவாண்டாமா?" என்றார் மாமனார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. தன் மாடு என்று நினைத்துத்தானே அப்படித் தேய்த்தார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மூன்று பேருமாகக் கழுவினோம். நுரைத் தண்ணீர், பழைய வேட்டித் துணி, மேலிருந்து கீழே. கீறலுக்குப் பாலிஷ் வாங்கி வந்து வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். மாமனார் சீக்கிரமே பழகிக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும்விடப் பொறுமை அவருக்குத்தான். சக்கரத்துக்கு உள்பக்கம் குச்சியை விட்டுச் சேற்றை நோண்டி எடுப்பார்.

ஆனால் உட்கார மாட்டார். ஒரு தடவைகூட உட்காரவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரியில் கண் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டால், "நீங்க போங்க, நான் பஸ்ஸுல வந்துடுறேன்" என்பார். அப்படியே வந்தார். அவர் போன பஸ்ஸுக்குப் பின்னாலேயே நாங்கள் காலி சீட்டோடு போனோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "மாமா, ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க? திருடிட்டா வந்தோம்?"

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மாமியார் காசியம்மாதான் மீன் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னார். "அவரு மச்சான் ஒருத்தரு இருந்தாரு. எங்கூடப் பொறந்தவரு. மேலத்தெருவுல சைக்கிள்ள உக்காந்தபடிக்கிப் போனாரு, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவல. அன்னிக்கு அவரக் கட்டி வச்சு அடிச்சப்ப இவரு பக்கத்துலயேதான் நின்னாரு. நீ என்னாத்தக் கண்ட."

நான் காணவில்லைதான். அந்தப் பயத்தைப் பழிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சைக்கிள் போய்ப் பஸ் வந்து, மகன் வாத்தியாராகி, மேலத்தெருப் பிள்ளைகளே அவரிடம் "சார் சார்" என்று கணக்குக்கு வந்து நிற்கிற காலம். பயம் மட்டும் அந்த மனிதரைவிட்டு இறங்கிப் போகவில்லை. எனக்கு அவர் காரில் ஏறக்கூட வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது கேட்கும்போது "எங்க வண்டி" என்று அவர் வாயால் வர வேண்டும். அது வராதவரை அந்தக் கார் எங்களுடையது இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

என் வீட்டுக்காரர் சாந்த சொரூபி. "விடு அல்லி, வயசானவரு" என்பார். வயசாகிவிட்டதே என்பதுதான் என் அவசரமே. இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லத்தீப் பாய் கொடுத்த மெழுகை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போடுவதென்று வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று அவர் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. மெழுகு போடக் கார் நிற்கிறது என்று கார் வைத்திருக்கிற வாத்தியார் பஸ்ஸில் போனார். நானும் மாமனாருமாகக் காரைக் கழுவித் துடைத்துப் பூவரச நிழலில் நிறுத்தி மெழுகைத் தொட்டோம். நான் போடுவேன், அவர் துடைப்பார். மேற்கூரை முடிந்தது. பானட் முடிந்தது. கீறலெல்லாம் போன இடம் தெரியவில்லை. பூவரச இலை ஒவ்வொன்றும் பானட்டுக்குள் தெரிந்தது. மாமனார் குனிந்து தன் முகத்தை அதில் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களோ என்று சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

அப்போதுதான் குஞ்சிதபாதத்தின் கறுப்பு அம்பாசிடர் வந்து நின்றது.

குஞ்சிதபாதம் மேலத்தெருப் பெரிய பண்ணை. மாமனார் மாடு மேய்த்ததும் குளிப்பாட்டியதும் அவர்கள் வீட்டில்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு வேட்டி புடவை கொடுத்தனுப்பினார். ஆனால் மாமனாரைவிடப் பதினைந்து வயது இளையவர், வாய் நிறைய "டா" போட்டுத்தான் கூப்பிடுவார். அவருடைய டிரைவர் துபாய்க்குப் போய் ஒரு மாதமாகிவிட்டது. கார் மேல் களத்துத் தூசியும் காக்கை எச்சமுமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சாலையைத் தாண்டினால் அவருடைய களம். அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

மரத்தடியில் எங்கள் கார் இருந்ததால் அவர் வெயிலில் நிறுத்தினார். இறங்கி, எங்கள் காரை மேலும் கீழும் பார்த்தார். பார்த்த பார்வையில் நிஜமான மெச்சுதல் இருந்தது.

"பரவால்லடா கருப்பையா. ஆபீசரு வண்டிய நல்லா வச்சிருக்க."

நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். ஆபீசரா? 'தெரிஞ்சவங்க' வளர்ந்து ஆபீசர் ஆகிவிட்டிருந்தார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத முடிச்சுட்டு அப்படியே நம்ம வண்டியையும் ஒரு கை பாத்துடுடா. சாயந்தரம் தஞ்சாவூர்லேருந்து மாப்புள வர்றாரு. கோயிலுக்குப் போவணும். அந்த மெழுவு என்னமோ தடவுறியே, அதையும் போட்டுடு. சாவி உள்ளயே கெடக்கு."

"சரிங்க ஆண்டே" என்றார் மாமனார்.

குஞ்சிதபாதம் செருப்புச் சத்தத்தோடு களத்துக்கு நடந்துவிட்டார். என்னை அவர் பார்க்கவே இல்லை. பக்கெட் பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி நின்றால் அவள் கூலிக்காரிதான், பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் என் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வியாழக்கிழமைதான் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுத் தஞ்சாவூருக்கு ட்ரங்க் கால் கேட்டு, "மேடம், கொஞ்சம் சீக்கிரமாப் போட்டுக் குடுங்க மேடம், மாப்பிள்ளைகிட்டப் பேசணும்" என்று குழைந்தார். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

மாமனார் வாளியை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனார். எங்கள் காரில் இடதுபக்கக் கதவு இன்னும் பாக்கி. அதில் நான் போட்ட மெழுகு லேசாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் குஞ்சிதபாதத்தின் காருக்குத் தண்ணீர் அடிக்கப் போகிறார்.

"மாமா, வாளியக் கீழ வைங்க."

"ஒரு செத்த நேரம்மா. கழுவி உட்டுடுறேன். போயிடுவாரு."

"எந்த ஆபீசரு மாமா?"

அவர் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முத்தையன் வேல பாக்குற எடத்து ஆபீசருன்னு சொல்லி வச்சேன். அவுங்க கேட்டாங்க. வாயில வந்துச்சு."

"நாமளே வாங்குனோம்னு வாயில வரலையா?"

"நீ வெவரம் தெரியாமப் பேசாத."

"வெவரம் தெரிஞ்சுதான் பேசுறேன். நீங்க அப்படிச் சொன்னதாலதான் அவரு வண்டியக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. அவரு மேல என்ன தப்பு? ஊரு வண்டியெல்லாம் கழுவுற வீடுன்னு நீங்கதானே போர்டு மாட்டுனீங்க? இன்னிக்கு இது. அடுத்த ஞாயித்துக்கிழம சொசைட்டி ஜீப்பு வரும். அதுக்கடுத்த வாரம் ஒங்க மவன் வாத்தியாரு கையில வாளியோட நிப்பாரு."

அவர் பம்பை அடித்தார். வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தார். வாசலில் காசியம்மா அத்தை அரிவாள்மணையை நகர்த்திவிட்டு எழுந்து வந்து நின்றார்.

எனக்குக் கோபத்தில் கை பரபரத்தது. அந்தப் பரபரப்பில்தான் அந்த யோசனை வந்தது. வந்ததும் உடம்பு முழுக்கக் குளிர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"சரி மாமா. மெழுவு போடச் சொன்னாருல்ல? போட்டுடுவோம். நீங்க உக்காருங்க."

டப்பாவை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனேன். அம்பாசிடரின் பானட் தொட்டால் சுட்டது. அதன் மேல் தூசியை ஒரு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான் மரியாதை. கையகலம், மெல்லிசு என்றெல்லாம் லத்தீப் பாய் சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாகச் செய்தேன். மூன்று விரலால் அள்ளி அள்ளிப் பூசினேன், வெடித்த குதிகாலுக்குக் களிம்பு வைக்கிறாற்போல. பானட், மட்கார்டு, நான்கு கதவு, டிக்கி. எட்டாத இடத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரைக்கும் போட்டேன். கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டேன். வீடு போய்ச் சேர வேண்டுமே, பாவம். சிங்கப்பூர் மெழுகு ஒரு டப்பா முழுசாகத் தீர்ந்தது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

மாசி வெயில் தன் வேலையைச் செய்தது. பூசிய இடம் பூசிய இடமாக வெளுத்தது. முதலில் பனி படர்ந்தாற்போல இருந்தது, பிறகு திட்டுத் திட்டாகக் காய்ந்து இறுகியது. கறுப்புக் கார் ஆகையால் எடுப்பாகத் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் என்று பாய் சொன்னது சும்மா இல்லை.

மாமனாருக்கு நான் செய்தது புரிந்தபோது அவர் முகம் வெளிறிவிட்டது. "அடிப்பாவி" என்றார். துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

நான் குறுக்கே நின்றேன். "தொட்டீங்கன்னா இந்தக் காரை இன்னிக்கே வித்துடச் சொல்லிடுவேன். சத்தியமா. நமக்கு எதுக்குங்க காரு? ஆபீசருக்கே குடுத்துடுவோம்."

"அல்லி, அவுங்க வந்தா என்னான்னு சொல்றது?"

"நம்ம வண்டி யாரோடதுன்னு பேச்சு வரும். நான் சொல்ல மாட்டேன். ஒங்க மவன் வந்தாலும் சொல்லக் கூடாதுன்னுடுவேன். நீங்கதான் சொல்லணும். தெரிஞ்சவங்க வண்டின்னே சொல்லுங்க, ஆபீசரு வண்டின்னே சொல்லுங்க. சொல்லிட்டு இதையும் தொடைங்க. அதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். காரு மட்டும் இங்க நிக்காது."

கொடுமைதான் நான் செய்தது. அந்த வயதில் ஒரு மனிதரை அப்படி மூலையில் நிறுத்தக் கூடாதுதான். அன்றைக்கும் எனக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்தே நிறுத்தினேன்.

அவர் துணியை எங்கள் கார் மேல் வைத்துவிட்டு மரத்தடியில் குந்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அத்தை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

களத்தில் கஞ்சி வேளைக்கு விட்டார்கள். அறுப்பு ஆட்கள் தலையில் துண்டும் கையில் தூக்குமாகச் சாலையைத் தாண்டி வந்தவர்கள், அம்பாசிடரைப் பார்த்ததும் கால் நகராமல் நின்றுவிட்டார்கள். எல்லாம் எங்கள் தெரு ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் குஞ்சிதபாதம் வந்தார்.

முதலில் அது தன் கார் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் வந்து, விரலால் கதவைச் சுரண்டிப் பார்த்தார். நகத்தில் வெள்ளையாக வந்தது.

"என்னடா இது?"

மாமனார் எழுந்து நின்றார். அவர் பேசுவதற்கு முன் நான் பேசினேன். எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலில், நிறுத்தி நிதானமாக.

"மெழுகுங்க. போடச் சொன்னீங்க, போட்டாச்சு."

"தொடைக்கல?"

"தொடைக்கிறது வண்டி யாரோடதோ அவங்க கையாலங்க. இங்க அதான் வழக்கம்."

அவர் என்னை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். குரலை எங்கேயோ கேட்ட தடுமாற்றம் முகத்தில் தெரிந்தது.

"வியாழக்கிழமை தஞ்சாவூர் லைன் நல்லாக் கேட்டுதுங்களா? ரொம்ப அவசரம்னீங்க, அதான் வேற ரெண்டு ட்ரங்க் கால நிறுத்தி வச்சுட்டு ஒங்களுக்குக் குடுத்தேன்" என்றேன்.

"நீங்க..." என்று ஆரம்பித்தவர், 'ங்க' போட்டுவிட்டதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவர் காது மடல் சிவந்தது. என்னோடு பேசுவதில் பயனில்லை என்று முடிவு செய்தாற்போல, திரும்பி எங்கள் கார் மேல் கிடந்த துணியை எடுத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். ரொம்பச் சாதாரணமாக, தினமும் சொல்கிற வேலையைச் சொல்கிறாற்போல, அந்தத் துணியை மாமனாருக்கு நேராக நீட்டினார்.

"கருப்பையா, ஆபீசரு வண்டி கெடக்கட்டும். மொதல்ல இதத் தொடை. நேரமாவுது."

மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் இரண்டு கையால் வாங்கியே பழகியவர். முடிந்தது, தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் அவரை இப்படி நிறுத்தினோமே என்று அழுகைகூட வந்தது.

அவர் துணியைப் பார்த்தார். அம்பாசிடரைப் பார்த்தார். சாலையில் நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி நடந்து, எங்கள் காரின் இடதுபக்கக் கதவுக்குப் போனார். நிழலில் மெல்லிசாகப் போட்ட மெழுகு வெளுத்துக் காத்திருந்த கதவு. அதன் முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து துணியை வைத்தார்.

"ஆபீசரு யாரும் இல்லிங்க" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "இது எங்க வண்டி. எம் மவனும் மருமவளும் வாங்குனது. எங்க வண்டி வேல இன்னும் முடியலிங்க."

பம்பு மூக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கேட்டது.

குஞ்சிதபாதம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் காரின் பானட்டில் அழுத்தித் தேய்த்தார். மெழுகு போகவில்லை, துண்டுதான் அழுக்காயிற்று. இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, அத்தனை பேரும் பார்ப்பதைப் பார்த்ததும் துண்டை உள்ளே எறிந்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார். அந்தச் சுண்ணாம்புக் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு, கடைத்தெரு வழியாக, மேலத்தெரு வழியாக, பட்டப்பகலில் வீடு போய்ச் சேர்ந்தது.

நாளைக்கு என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. எங்கள் தெரு ஆட்களைக் களத்திலிருந்து நிறுத்தலாம். எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு மொட்டைக் கடுதாசி போகலாம். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

ஆட்கள் கலையவில்லை. நான் மாமனார் பக்கத்தில் போனேன். கதவில் மெழுகு எப்போதோ போய்விட்டது, அவருடைய முகமும் பின்னால் நிற்கிற எங்கள் தெரு ஆட்களின் முகமும் அதில் பளிச்சென்று தெரிந்தன. அவர் அது தெரியாமல் அதே இடத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும் மாமா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தி, ஏற்கெனவே பளபளத்த கதவை நானும் தேய்க்க ஆரம்பித்தேன்.